வைரம் இல்லாத மரத்திற்கு வெங்காரக் கரைசல்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டிற்குப் பின் ஒரு மதிப்புரை

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, தக்கலையை அடுத்த எங்கள் வீட்டிற்கு ரப்பர் மரத்தில் செய்த கட்டில் ஒன்றை வாங்கினோம். மருந்து ஏற்றிய மரம் என்று விற்றவர் உறுதி சொன்னார், பில்லிலும் அப்படியே எழுதித் தந்தார். எட்டாவது மாதத்தில் ஒருநாள் தரையைத் துடைக்கும்போது, கட்டில் காலைச் சுற்றி மைதா மாவைப் போல நுண்ணிய பொடி உதிர்ந்து கிடந்ததை என் மனைவி கவனித்தார். காலில் குண்டூசித் தலை அளவில் ஏழெட்டுத் துளைகள் இருந்தன. பேனாக்கத்தியின் நுனியை வைத்து லேசாக அழுத்தியபோது, பாலிஷ் பூசிய மேல்தோல் அப்பளம்போல் நொறுங்கியது, அதன் உள்ளே மரம் என்று சொல்லத்தக்க எதுவும் மிஞ்சாமல் பொடியே அடைந்திருந்தது. எங்கள் வீட்டிற்கு வழக்கமாக வரும் ஆசாரி அந்தக் காலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மருந்து மேல கிடந்தா பூச்சிக்கு என்ன அண்ணாச்சி, உள்ள போயிருக்கணும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அந்த இழப்பிற்குப் பிறகு, மைத்துனரின் தோட்டத்தில் வெட்டிய ரப்பர் மரத்தை நாங்களே ஒரு பதனீட்டுக் கூடத்திற்குக் கொண்டுபோய், வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, அதில் கட்டில், அலமாரி, புத்தக அடுக்கு, சாப்பாட்டு மேசை ஆகியவற்றைச் செய்துகொண்டோம். இப்போது அவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் இந்த மாவட்டத்தில், அவை நான்கு மழைப்பருவங்களைக் கடந்திருக்கின்றன. கூடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் மதிப்பிட விரும்புவது அந்தக் கரைசலையும் அதை மரத்திற்குள் செலுத்தும் முறையையும்தான்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்தின் தேவையும் அதன் வெற்றியும் மரத்தின் இயல்பிலிருந்தே வருகின்றன. தேக்கு, அயனி, பலா போன்ற மரங்களில் நடுவில் வைரம் எனப்படும் முதிர்ந்த கெட்டிப் பகுதியும் அதைச் சுற்றி வெள்ளை எனப்படும் இளம் பகுதியும் இருக்கும் என்பது இங்கே எல்லோரும் அறிந்ததே. பூச்சியும் பூஞ்சையும் வெள்ளையைத்தான் எளிதில் தின்னும். வைரத்தில் மரமே சுரந்து வைத்த பொருள்கள் அவற்றை நெடுங்காலம் தடுத்து நிறுத்தும். பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணை நின்று பார்த்தவர்களுக்கு, எந்த மருந்தும் இல்லாமல் வைரம் எத்தனை நூற்றாண்டு நிற்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் அப்படிப் பிரித்தறியத்தக்க வைரம் கிடையாது. அடி முதல் நுனி வரை அது வெள்ளையே. அதோடு அதன் திசுக்களில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதியாக இருப்பதால், மரம் வெட்டிய மறுநாளிலிருந்தே பூஞ்சை இறங்கி நீலமும் கருப்புமாகக் கறை படிய வைக்கிறது. உலரத் தொடங்கிய மரத்தில் துளைவண்டு முட்டையிட்டு, அதன் புழுக்கள் அந்த மாவுச்சத்தைத் தின்று மரத்தைப் பொடியாக்குகின்றன. மரம் உளுத்துப்போவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆனால் வைரம் இல்லாததே இந்த மரத்தின் நற்பேறும் ஆகிறது என்பதை நான் பின்னால்தான் அறிந்துகொண்டேன். வைரத்தின் நுண்குழாய்கள் அடைபட்டிருப்பதால், எவ்வளவு அழுத்தினாலும் திரவம் அதற்குள் எளிதில் புகாது. வெள்ளையின் குழாய்கள் திறந்திருக்கும். ஆகவே முறையாகச் செய்தால் ரப்பர் பலகை ஒன்றை அதன் நடு வரைக்கும் மருந்தால் நிறைத்துவிட முடியும். தேக்கு வைரத்திற்கு அது இயலாது, அதற்குத் தேவையும் இல்லை.

இனிக் கரைசலைப் பார்ப்போம். வெங்காரம் நமக்குப் புதிய பொருளன்று. பொன்வேலை செய்பவர்கள் பற்றவைக்கும்போது இடுவதும் நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைப்பதும் அதுதான். போரிக் அமிலத்தைக் கேரம் பலகையில் தூவும் பொடியாகப் பலர் பார்த்திருப்பார்கள். இவ்விரண்டையும் எடையில் ஒன்றரைக்கு ஒன்று என்ற அளவில் சேர்த்து வெதுவெதுப்பான நீரில் கலக்கினால், தனித்தனியே கரையும் அளவைவிட அதிகமாகக் கரைகின்றன. நிறமோ வாடையோ இல்லாத இந்த நீரைத்தான் மரத்திற்குள் செலுத்துகிறார்கள். மரத்தின் வெளிர்நிறம் மாறாது, மேலே வார்னிஷோ பாலிஷோ பூசத் தடையும் இருக்காது. அலமாரிக்கும் கட்டிலுக்கும் இதைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மார்த்தாண்டத்திற்கும் குலசேகரத்திற்கும் இடையே உள்ள அந்தக் கூடத்தில், மரம் கொண்டுவருவதற்கு முன்பே அவர்கள் கேட்ட முதல் கேள்வி, மரம் எந்தத் தேதியில் வெட்டப்படும் என்பதுதான். அந்தக் கேள்வியே எனக்கு நம்பிக்கை தந்தது. இருபத்தெட்டு ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரங்களைத் திங்கட்கிழமை காலையில் வெட்டி, செவ்வாய்க்கிழமை மில்லில் பலகையாக அறுத்து, புதன்கிழமை நண்பகலில் உருளைக்குள் ஏற்றினோம். வாரக்கணக்கில் மில் முற்றத்தில் கிடந்து நீலம் பாய்ந்த மரத்திற்கு எந்த மருந்தும் பழைய நிறத்தை மீட்டுத் தராது. அத்துடன், ஏற்கெனவே பூஞ்சை வேரோடிய மரத்திற்கு மருந்து ஏற்றுவது பாதி வேலையாகவே முடியும்.

லாரி டேங்கைப் போலப் படுத்த நிலையில் இருக்கும் இரும்பு உருளைக்குள், பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கிய தள்ளுவண்டியை ஓட்டிவிட்டுக் கதவை முறுக்கி மூடினார்கள். முதலில் உருளையிலிருந்த காற்றை அரை மணி நேரம் உறிஞ்சி எடுத்தார்கள். மரத்தின் குழாய்களிலுள்ள காற்றும் அதோடு வெளியேறுகிறது. பிறகு வெற்றிடம் கலையாமலேயே கரைசலைத் திறந்துவிட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ என்ற அழுத்தத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தார்கள். கடைசியாகக் கரைசலை வடித்துவிட்டுச் சிறிது நேரம் மீண்டும் காற்றை உறிஞ்சினார்கள், மேற்பரப்பில் சொட்டும் ஈரம் குறைவதற்காக. இந்த முறை 1838-இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் என்பவர் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்தது. அவர் செலுத்தியது நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் எண்ணெய். பொருள் மாறினாலும், காற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திரவத்தை நிரப்பும் தத்துவம் இன்றும் அதுவே.

அங்கே எனக்குப் பிடித்த ஒரு வழக்கம், அடையாளமிட்ட ஒரு பலகையை ஏற்றுமுன்னும் இறக்கியபின்னும் தராசில் வைத்துக் காட்டுவது. ஆறடி நீளமும் எட்டு அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட எங்கள் பலகை, உள்ளே போகும்போது 8.6 கிலோவும் வெளியே வந்தபோது 10.8 கிலோவும் இருந்தது. கரைசல் 3 விழுக்காடு என்பதால், உறிஞ்சிய 2.2 கிலோவில் 66 கிராம் உப்பு அந்தப் பலகைக்குள் தங்கியிருக்கிறது என்று அங்கேயே கணக்கிட்டுவிடலாம். மருந்து ஏற்றிய மரம் என்று பில்லில் எழுதித் தருவதைவிட இந்த இரண்டு எடைகளைக் குறித்துத் தருவதே வாங்குபவருக்கு உண்மையான உறுதி.

எடை மட்டும் போதாது. மருந்து மேலோட்டமாக அதிகம் தங்கி நடுவில் எட்டாமலும் இருக்கலாம். அதைக் காட்டிக்கொடுப்பது நம் அடுக்களை மஞ்சள். கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் என் மருமகன் இதை ஆய்வகத்தில் செய்து காட்டினான். மஞ்சள்தூளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாற்றை, பலகையின் நடுவே புதிதாக அறுத்த குறுக்குவெட்டில் பூசி உலரவிட்டான். பிறகு ஆல்கஹாலில் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சாலிசிலிக் அமிலத்தைக் கரைத்து, அதை மேலே தெளித்தான். வெங்காரத்திலும் போரிக் அமிலத்திலும் அடங்கிய தனிமமான போரான் இருக்கும் இடம் சிவக்கும், இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். அமிலத்தைக் கையாள்வதால் இதை வீட்டில் செய்து பார்ப்பது சரியன்று. ஆனால் பதனீட்டுக் கூடங்களில் இது அன்றாடச் சோதனை, கேட்டால் வாடிக்கையாளரின் கண்முன்னே செய்து காட்ட வேண்டும்.

எங்கள் ஓரங்குலப் பலகையின் வெட்டுமுகம் சில நிமிடங்களில் விளிம்பு முதல் விளிம்பு வரை செங்கல் நிறமாகச் சிவந்தது. அதே நேரத்தில், பழைய கட்டிலின் எஞ்சிய சட்டத்திலிருந்து அறுத்த துண்டிலும் மருமகன் பூசியிருந்தான். அதில் ஓரத்தைச் சுற்றி நகக்கீறல் அகலத்திற்கு ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். நடு முழுவதும் கல்யாண வீட்டு மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது. "மாமா, அவங்க மருந்தில முக்கினது நிஜம்தான், ஊற விடலை" என்றான். எட்டு மாதத்தில் கட்டில் ஏன் பொடியானது என்ற கேள்விக்கு அந்தத் துண்டே விடை சொல்லிவிட்டது. விற்றவர் பொய் சொன்னார் என்று அதுவரை எண்ணியிருந்தேன். மருந்து இருந்தது, ஆழம்தான் இல்லை.

எல்லாம் குறையின்றி நடந்தது என்று எழுத முடியாது. கட்டில் கால்களுக்காக அறுத்த மூன்று அங்குலச் சதுரச் சட்டங்களில் அதே சோதனையைச் செய்தபோது, நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சள் நின்றது. பச்சை மரத்தின் குழாய்களில் ஏற்கெனவே நீர் நிறைந்திருந்தால் கரைசலுக்கு அங்கே இடம் இருக்காது, எத்தனை அழுத்தம் கொடுத்தாலும் தடித்த சட்டத்தின் நடுவை அது எட்டாது. இதைச் சுட்டிக்காட்டியபோது கூடத்துக்காரர்கள் மறுக்காமல், சட்டங்களை நெருக்கமாக அடுக்கித் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்தார்கள். போரான் உப்பு நீரில் கரைவது என்பதால், மரம் ஈரமாக இருக்கும்வரை செறிவு மிகுந்த ஓரத்திலிருந்து செறிவு குறைந்த நடுவை நோக்கித் தானாகவே ஊர்ந்துகொண்டிருக்கும். உலர்ந்துவிட்டால் அந்த ஊர்தல் நின்றுவிடும். மூன்று வாரம் கழித்துச் சோதித்தபோது அந்த மஞ்சள் வட்டம் சிறுபயறு அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆனால் நான் கேட்டிராவிட்டால் அந்தச் சட்டங்கள் மறுநாளே உலர்த்தும் அறைக்குப் போயிருக்கும் என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. தடித்த சட்டங்கள் செய்பவர்கள் இந்த மூடிவைக்கும் காலத்தை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

உலர்த்தியபோது நாற்பது பலகைகளில் ஆறு முறுக்கிக்கொண்டன. இது மருந்தின் குற்றமன்று. ரப்பர் மரத்தின் நாரமைப்பில் இழுவிசை இருப்பதால் அது வளையும் இயல்புடையது, அடுக்கின் மேல் போதிய பாரம் வைத்திருந்தால் சிலவற்றைத் தடுத்திருக்கலாம். மற்றொன்று, பலகைகள் வீட்டிற்கு வந்த சில நாட்களில் அவற்றின் மேல் வெண்ணிறத் துகள் பூத்தது. பூசணம் பிடித்துவிட்டது என்று வீட்டில் பதறினார்கள். அது மேற்பரப்பில் உறைந்த உப்புத்தான். ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, உப்புத்தாள் தேய்த்த பிறகு பாலிஷ் ஏற்றியதில் எந்த இடரும் வரவில்லை. துடைக்காமல் பாலிஷ் பூசினால் அது பிடிக்காமல் உரியும் என்று ஆசாரி எச்சரித்தார். கூலியைப் பொறுத்தவரை, ஏற்றியதற்கும் உலர்த்தியதற்கும் சேர்த்து எங்களுக்கு மரவிலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆனது. தேக்கு வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது சிறிதே.

இரண்டு ஆண்டுகளில் ஒரு துளையும் ஒரு சிட்டிகைப் பொடியும் நான் காணவில்லை. மாதம் ஒருமுறை டார்ச் அடித்துக் கட்டிலின் அடிப்பாகத்தையும் அலமாரியின் பின்பலகையையும் பார்க்கிறேன். சுவரோரத்தில் ஒருமுறை சிதல் புற்று மண்கோடாக ஏறி அலமாரிக் கால்வரை வந்தது. மரத்தைத் தொட்ட இடத்தில் கால் அங்குலத்திற்குச் சுரண்டிய தடம் மட்டுமே இருந்தது, அதற்கு மேல் அது முன்னேறவில்லை. உண்ட பூச்சியின் உடலில் போரான் வேலை செய்வதால் முதல் சுரண்டலை அது தடுக்காது என்பதையும் இதிலிருந்து அறிந்துகொண்டேன்.

எனினும் இந்தக் கரைசலை எங்கே பயன்படுத்தக்கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உள்ளே ஊர்ந்து போக உதவிய அந்தக் கரையும் தன்மையே, மழையில் நனைந்தால் மருந்தை வெளியேயும் கொண்டுபோய்விடும். கூரை இல்லாத முற்றத்துப் பெஞ்சு, மண்ணில் நட்ட வேலிக்கால், மாட்டுத்தொழுவத் தூண் ஆகியவற்றுக்கு இது உதவாது. அதனால் எங்கள் வீட்டுச் சன்னல்களில் சாரல் அடிக்கும் மேற்குப் பக்கத்திற்கு அயனி வைரத்தையே போட்டோம். போரிக் அமிலம் அளவுக்கு மீறி உடலில் சேர்வது நல்லதன்று என்பதால், அரிசிப் பத்தாயம், காய் நறுக்கும் பலகை, மாட்டின் தீவனத் தொட்டி ஆகியவற்றுக்கும் பதனிட்ட மரத்தைத் தவிர்த்தோம். அறுத்துத் தேய்க்கும்போது ஆசாரி முகக்கவசம் அணிவதையும் வலியுறுத்தினோம்.

மண்ணில் நிற்கும் மரத்திற்கு வேறு திரவம் இருக்கிறது, அதன் கதை நம் நாட்டிலேயே தொடங்கியது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசன் 1933-இல், செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றின் உப்புகளையும் சேர்த்து ஆஸ்கு என்ற கலவையை உருவாக்கினார். குரோமியம் மற்ற இரண்டையும் மரநாரோடு பிணைத்துவிடுவதால் மழை அதைக் கழுவிப் போவதில்லை. உலகெங்கும் மின்கம்பங்களும் வேலிக்கால்களும் இந்தக் கலவையால் நெடுநாள் நின்றன. ஆனால் அதில் இருப்பது ஆர்செனிக். அமெரிக்கா 2003-ஆம் ஆண்டு இறுதியோடு வீடுகளுக்கான மரத்தில் அதன் பயன்பாட்டை நிறுத்திக்கொண்டது. எங்கள் தொழுவத்திற்கு இந்தக் கலவை ஏற்றிய, லேசாகப் பச்சை பாய்ந்த தூண்கள் நான்கை வாங்கினோம், மாடு நக்க முடியாத வெளிப்பக்கத்தில் மட்டும் நட்டோம். ரப்பர் விவசாயிகள் இதில் ஒன்றை மறக்கக்கூடாது. நம்மிடம் மரத்துண்டு எது மிஞ்சினாலும் அடுப்பிற்கோ ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்கோ போய்விடும். இந்தப் பச்சைத் துண்டுகள் ஒன்றுகூட அங்கே போகக்கூடாது, எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அறுத்து மிஞ்சிய துண்டுகளை விற்றவரிடமே திருப்பித் தந்தோம்.

தூரிகையால் பூசும் எண்ணெய் வகை மருந்தையும் நாங்கள் பயன்படுத்தியிருக்கிறோம், ஆனால் ஓட்டுக்கூரையின் பழைய அயனிக் கழுக்கோல்களுக்கு மட்டும். வைரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் மரத்தில், ஓரத்து வெள்ளையையும் ஆணித்துளைகளையும் காப்பதற்கு அது போதும். புதிய ரப்பர் மரத்தில் அதைப் பூசுவது என் பழைய கட்டிலின் கதையைத் திரும்பச் செய்வதாகவே முடியும். குளச்சல் பக்கத்தில் வள்ளங்களுக்கு அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசும் வழக்கம் உண்டு. காரமும் பிசுபிசுப்பும் கொண்ட அது நீரைத் தடுக்கும், ஆயினும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் பூசவேண்டும். கடலில் மரத்தைத் துளைப்பது கப்பல்புழு, பெயரில் புழு என்றாலும் அது சிப்பி இனத்து உயிர். அதை எதிர்க்க வெங்காரம் ஒருநாளும் போதாது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரத்தில் வள்ளம் கட்டிக் காட்டியபோதும், செம்பு வகை மருந்தை அழுத்தத்தில் ஏற்றிய பிறகே கட்டியது.

எந்த இடத்திற்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 401 என்ற நெறிமுறை இருக்கிறது. கூடத்தில் பேசும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் உரையாடலின் தரமே மாறிவிடுவதைக் கண்டேன். மைத்துனரின் தோட்டத்தில் மேற்குச் சரிவிலுள்ள மரங்களை அடுத்த தை மாதம் மறுநடவுக்காக வெட்டவிருக்கிறார்கள். அந்த மரத்தில் என் மகளின் வீட்டிற்கு அடுக்களை அலமாரிகள் செய்ய எண்ணியிருக்கிறோம். கூடத்தில் உருளை காலியாகும் நாளை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதற்கு இரண்டு நாள் முன்பாக மரம் வெட்டும் தேதியைக் குறித்திருக்கிறோம். கால் சட்டங்களை மூன்று வாரம் மூடிவைப்பது பற்றியும் இந்த முறை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கியாயிற்று.